வேலையில் கொண்டுபோய் விடுவோம்

1

சனிக்கிழமை காலை. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. பாரிசுக்கு வடக்கே நாங்கள் இருக்கிற இந்தப் புறநகரில் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. கூடப்பிறந்தவனாக இருந்தாலும் முதலில் செய்தி அனுப்பி, நாள் குறித்து, பிறகுதான் படியேறுவான். தபால்காரராக இருக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். முப்பது வயதுக்குள் ஒரு பெண் நின்றாள். குளிர்கோட்டுக்குள் புடவை. ஒரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பயோடேட்டா, இன்னொரு கையில் எலுமிச்சம்பழம்.

பழத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது நம்ம ஊர்ப்பக்கம்தான் என்று. எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மூரில் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஆனால் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்கிற தகுதி எங்கள் வீட்டில் யாருக்கு வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

"மேடம் இருக்காங்களாம்மா?"

"எந்த மேடம்?"

"கவுன்சிலருக்கு நிக்கிறாங்களே, உங்க பொண்ணு. எனக்கு ஊரு காரைக்கால் பக்கம், பூவம். பேரு பவானி. நோட்டீசு பாத்தேன். வேலையில கொண்டுபோய் விடுவோம்னு போட்டிருந்துச்சு. அதான், வேற யாரும் வர்றதுக்குள்ள வந்துடுவோம்னு."

உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். நர்சிங் டிப்ளமோ படித்தவள். காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறாள். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்று ஒரு அலுவலகம் சொல்ல, செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கிற அலுவலகம் வேறு என்று இன்னொரு அலுவலகம் சொல்லியிருக்கிறது. புருஷன் சமையல் வேலை பார்த்த உணவகம் மூடிவிட்டது. இவள் விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறாள். அங்கே கொஞ்ச நேரம், இங்கே கொஞ்ச நேரம் என்று அது ஒரு வேலைக் கணக்கிலேயே வராது. வரும்போது இருந்தது ஒற்றை அறை வீடு என்பதால் ஐந்து வயது மகளைப் பூவத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இப்போது வீடு மாறியாயிற்று. நிலையான வேலை ஒப்பந்தம் ஒன்றைக் காட்டினால்தான் பிள்ளையை அழைத்துவரும் விண்ணப்பம் நகரும்.

"வீடியோவுல, இங்க வர்றியாடின்னு கேட்டா, 'நீ வா'ங்கறாம்மா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

2

மேடம் என்பது என் மகள் கயல்விழி. இங்கத்திக்காரர்கள் வாயில் 'காயெல்'. முப்பத்தொரு வயது, ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் அரசியல் என்றால் என் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டே திட்டுவது மட்டும்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த இவளை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் தேர்தல் பட்டியலில் சேர்த்துவிட்டார். இங்கே நகரசபைக்கு ஆளுக்கு ஆள் ஓட்டுப் போடுவதில்லை. ஒவ்வொரு அணியும் ஒரு பட்டியல் கொடுக்கும். பட்டியலுக்குத்தான் ஓட்டு. விழுகிற ஓட்டுக்கு ஏற்ற மாதிரி மேலிருந்து இத்தனை பேர் உள்ளே போவார்கள். கயல் பதினோராவது பெயர்.

காரைக்காலில் பழைய ஆட்கள் நகராட்சி ஆபீசை 'மேரி' என்பார்களே, அதே மேரிதான் இங்கேயும். அந்த மேரியைப் பிடிக்க இந்த முறை மூன்று பட்டியல்கள். மூன்றுக்கும் வாயில் ஒரே பேச்சு, வேலையும் வியாபாரமும். இப்போதைய மேயர், ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று வருகிறது, நம்ம பிள்ளைகளுக்கு அங்கே வேலை என்றார். அங்கே இயந்திரம்தான் பெட்டி தூக்கப்போகிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. இரண்டாவது பட்டியல், தெருவுக்குத் தெரு கேமரா வைத்தால் பயம் போகும், பயம் போனால் கடை திறக்கும், கடை திறந்தால் வேலை வரும் என்றது. கேமராவில் ஆரம்பித்து சம்பளத்தில் முடிகிற இந்தக் கணக்கை என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "வரப்புயர நீர் உயரும்ங்கற மாதிரியில்ல சொல்றான்," என்றார்.

டீச்சர் பட்டியலில் வேலை, பொருளாதாரப் பக்கத்தை எழுதியது கயல்தான். சந்தைத் தெருவில் பூட்டிக் கிடக்கிற கடைகளை மேரி எடுத்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும். பள்ளிச் சாப்பாட்டுக்குக் காய்கறியைப் பக்கத்துப் பண்ணைகளில் வாங்கும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் பேருந்து இன்னும் முன்னால் வர ஏற்பாடு செய்யும். வேலை தேடுகிறவர்களோடு கூடவே போய் உதவ ஆள் வைக்கும். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஆனால் விடியற்காலைப் பேருந்தைப் பற்றி இவள் எழுதியதைப் படித்தபோது, அந்தப் பேருந்துக்காக நான் நடுங்கிக்கொண்டு நின்ற காலமெல்லாம் இவளும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இனிமேல்தான் வினை. இந்த ஊரில் தமிழர்கள் நிறைய, தமிழிலும் ஒரு துண்டறிக்கை போடலாம் என்று டீச்சர் சொல்ல, மொழிபெயர்ப்பை என் வீட்டுக்காரர் பாய்ந்து வாங்கிக்கொண்டார். காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டுக்காரர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும், குரங்குக்கும் பொட்டு வைத்துக் கும்பிடச் சொல்கிறவர். கயலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்பா எழுதியது அழகாக இருக்கிறது என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிரெஞ்சில் 'அகொம்பாஞே' என்று ஒரு சொல் உண்டு. கூடப் போவது, துணைக்கு வருவது. இந்நாட்டு அலுவலகங்களுக்கு அந்தச் சொல் என்றால் உயிர். வேலை தேடினாலும், நோயில் படுத்தாலும், புருஷனைப் பிரிந்தாலும் உங்களை 'அகொம்பாஞே' செய்ய ஒருவர் வருவார். பக்கத்தில் உட்காருவார், ஒரு காகிதம் கொடுப்பார், போய்விடுவார். கயல் எழுதியிருந்தது, 'வேலையை நோக்கி ஒவ்வொருவருக்கும் துணையாக வருவோம்' என்று. இவர் அதை 'உங்கள் ஒவ்வொருவரையும் வேலையில் கொண்டுபோய் விடுவோம்' என்று போட்டுவிட்டார்.

"அர்த்தம் சரியாத்தானே இருக்கு? புள்ளைய பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறதில்லையா? கூடப் போயி வாசல்ல விடறது."

"வாசல்லன்னு நீங்க எழுதலைங்களே. வேலையிலன்னு எழுதியிருக்கீங்க," என்றேன்.

"படிக்கிறவங்களுக்குப் புரியாதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் சால்வையோடு வந்தார். கயலுக்கு அதைப் போர்த்தியபோது அவள் குளிருக்குத்தான் தருகிறார் என்று நினைத்து, வேண்டாம், எனக்குக் குளிரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விஷயம் விளங்கியதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்பா, மேரி யாருக்கும் வேலை போட முடியாது. நான் பொய் சொல்லிட்டேனா? தமிழ்ல மட்டும் பொய் சொல்லிட்டேனா?"

இவர் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவின தட்டையெல்லாம் மறுபடி கழுவினார்.

3

நம்ம ஊரில் வேலை என்பது கிடைக்கிற பொருள் இல்லை, 'போடுகிற' பொருள். அவனை எங்கே போட்டிருக்கிறார்கள், யார் போட்டுக் கொடுத்தது என்றுதானே விசாரிப்போம். இந்தச் சொல்லில் என் தம்பி குணசேகரனின் பாதி ஆயுசு போயிருக்கிறது.

நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிது. ஒரு தேர்தலில் எங்கள் ஊர் வரிச்சிக்குடிக்கு வந்த வேட்பாளர், "பையன நான் போட்டு விடறேன்," என்று எங்கள் அப்பாவின் தோளில் கையைப் போட்டுச் சொன்னாராம். ஜெயித்தார். சொன்னபடி போட்டும் விட்டார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். அரசாங்கத்தில் ஏதோ ஒரு இலாகாவில் வவுச்சர் வேலை. நிரந்தரம் இல்லை, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குகிற வேலை. ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே இலாகாவின் பெயரைப் போட்டுக்கொண்டான். அடுத்த ஆட்சி வந்தது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர், பழைய வவுச்சர் ஆட்களைத் திரும்ப எடுப்போம், நிரந்தரமாக்குவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவனும் வெளியூருக்குப் போகாமல், வேறு தொழில் பழகாமல், ஆளைப் பார்த்து, ஆளுக்கு ஆளைப் பார்த்துக் காத்திருந்தான். இப்போது கடைமடைத் தண்ணீர் வந்தால் மூன்று மா நிலத்தில் நெல், வராவிட்டால் பிறத்தியார் வண்டியை ஓட்டுகிறான். ஐம்பதைத் தாண்டிவிட்டான். அவனை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிறு ராத்திரி அவனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா நெடுங்காட்டுப் புத்திய பாரீசுல காட்டிட்டாரா? சரிதான். அது கெடக்கட்டும், கவுன்சிலருக்கெல்லாம் அங்க தேர்தல் நடக்குதாக்கா?"

"ஆறு வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும்டா."

"இங்க நம்ம தெருவுல இருபது வயசுப் பயலுவளுக்குக் கவுன்சிலர்னா எப்புடி இருப்பாருன்னே தெரியாது. இந்தா நடக்குது, அந்தா நடக்குதுங்கறான். கோர்ட்டுங்கறான், ரிசர்வேஷன்ங்கறான். ஒண்ணத்தையும் காணும்." பிறகு குரல் இறங்கிற்று. "அக்கா, கயல்கிட்ட ஒண்ணு சொல்லு. அந்தப் பூவத்துப் பொண்ணுகிட்ட இல்லன்னா இல்லன்னு இன்னைக்கே சொல்லிடச் சொல்லு. பாப்போம்னு மட்டும் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் உக்காந்துட்டேன்."

4

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பேட்டையின் பொதுக்கூடத்தில் தமிழர்களுக்கென்று கூட்டம் ஏற்பாடாயிற்று. துண்டறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டு, பேசாமல் விட்டுவிடலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். கயல்தான், "நான் தமிழ்ல சொன்னதா ஆயிடுச்சு, தமிழ்லயே இல்லன்னு சொல்லணும்," என்று நின்றாள். பெரிய கூட்டமில்லை. முன்வரிசையில் பவானி.

கயல் எழுந்தாள். அவள் தமிழ் சமையலறைத் தமிழ். பசிக்குது, வேணாம், சீக்கிரம் வாங்க என்பதற்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் ஒருமுறை பார்த்துச் சொன்னாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் உங்களுக்கு வேலை குடுக்க மாட்டேன்."

இந்தப் பிள்ளைக்கு 'முடியாது' என்பதற்கும் 'மாட்டேன்' என்பதற்கும் சின்ன வயதிலிருந்தே வித்தியாசம் தெரியாது. கதவு இறுகிக்கொண்டால்கூட "திறக்க மாட்டேன்" என்றுதான் நிற்பாள். நாங்கள் சிரிப்போமே தவிரத் திருத்தியதில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். சால்வை கொண்டுவந்தவர். "குடுக்க மாட்டீங்க. ஆனா உங்கம்மாவுக்கு மட்டும் மேரியில போட்டு வாங்கிக்கிட்டீங்க. மேரி நடத்தற பள்ளிக்கூடச் சாப்பாட்டுல அவங்க வேலை பாக்கறது ஊருக்கே தெரியும்."

என்னத்தைச் சொல்ல. நான் விளம்பரம் பார்த்து, விண்ணப்பம் போட்டு, மொழித்தேர்வில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதிச் சேர்ந்தபோது இவளுக்குப் பால்பல்கூட விழவில்லை.

அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மகளை வாழ்நாளில் 'நீ, வா, போ' என்பதைத் தவிர வேறு சொல்லாத மனுஷன், சபையைப் பார்த்துச் சொன்னார். "அவங்க சொல்ல வந்தது முடியாதுங்கறது. மாட்டேங்கறது இல்லீங்க. அவங்க எழுதினது சரி. தமிழ்ல தப்பாப் போட்டது நான். என்னைத் திட்டுங்க, அவங்கள விட்டுடுங்க."

மகளை 'அவங்க' என்றார். இவ்வளவு வருஷத்தில் இந்த மனுஷன் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்த நாள் ஞாபகமில்லை.

கயல் மறுபடி ஆரம்பித்தாள். முடியாது, முடியாது என்று இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொண்டு, மேரியால் என்ன முடியும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கடை, காய்கறி, பேருந்து. பேருந்து என்றதும் நாலைந்து பெண்கள் தலையாட்டினார்கள். அப்போது பவானி கையைத் தூக்கினாள்.

"எனக்கு இந்த நாட்டுல ஓட்டு இல்லீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆஸ்பத்திரியோட சேர்ந்த முதியோர் இல்லம் ஒண்ணுல ஆள் எடுக்கறாங்க. நேர்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க, அடுத்த புதன். எனக்குப் பிரெஞ்சுப் பேச்சு வராது. போனா அவங்க கேக்கறது புரியாம முழிப்பேன். வேலையில கொண்டுபோய் விட வேணாம். வாசல் வரைக்குமாவது வருவீங்களா?"

"வருவேன்," என்றாள் கயல். அந்த ஒரு சொல்லில் மட்டும் தப்பில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். பழைய மேயரே திரும்ப வந்தார். டீச்சர் பட்டியலில் முதல் ஐந்து பேர் உள்ளே போனார்கள். பதினொன்று ரொம்ப தூரம். கயல் வீட்டுக்கு வந்து சோறு கேட்டாள், சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். இவர்தான் திங்கள் முழுக்க அந்தத் துண்டறிக்கையையே எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். துண்டறிக்கையால்தான் தோற்றது என்று அவருக்கு நினைப்பு. தமிழன் ஓட்டு மட்டுமா இந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

செவ்வாய்க்கிழமை பவானி கூப்பிட்டாள்.

"தோத்துட்டாங்களாமேம்மா. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. நாளைக்கு நானே போயிக்கறேன். அவங்களத் தொந்தரவு பண்ண வேணாம்."

இதைக் கயலிடம் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. "தோத்ததுக்கும் புதன்கிழமைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்கு அந்தச் சம்பந்தம் வரிச்சிக்குடியிலிருந்தே தெரியும். ஜெயித்தவர்களையே தேடிப் பிடிக்கிற ஊரில், தோற்றவரிடம் யார் எதைக் கேட்பார்கள்.

6

இங்கே புதன்கிழமைகளில் பள்ளி கிடையாது, எனக்கும் விடுமுறை. நானும் கூடப் போனேன். கயல் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டிருந்தாள். முதியோர் இல்லத்து வரவேற்பறையில் பவானி முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு வரலாமா என்று கயல் கேட்டாள், வரலாம் என்றார்கள். கதவைச் சாத்தினார்கள்.

நான் வெளியே உட்கார்ந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பூவத்துப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அதற்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

உள்ளே நடந்ததைக் கயல் பிறகு சொன்னாள். பாதிக் கேள்வியை இவள் தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒரு பாட்டியம்மாள் சக்கர நாற்காலியோடு அறைக்குள் வந்துவிட, பேசிக்கொண்டிருந்த பவானி எழுந்து, வழுக்கிக் கீழே தொங்கிய அந்தம்மாளின் காலைத் தூக்கி மிதிபலகையில் சரியாக வைத்து, போர்வையைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். அதற்குமேல் அவர்கள் அதிகம் கேட்கவில்லை. உதவியாளர் வேலை. இரண்டு மாதம் சோதனை, அது நல்லபடியாகப் போனால் அதே ஒப்பந்தம் நிரந்தரம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பவானி அழவில்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் எங்களோடு நடந்தாள். அங்கே வந்ததும் முன்னும் பின்னும் பார்த்தாள். கயலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாங்க என்ன செய்யணும்? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

கயல் என்னைப் பார்த்தாள். "அம்மா, என்ன செய்யணும்னு கேக்கறாங்க? எதுக்கு என்ன செய்யணும்?"

வேலை வாங்கிக் கொடுத்தவரிடம் நம்மூரில் கேட்கிற கேள்வி அது. எந்த இடத்தில், எந்தக் குரலில் கேட்பார்கள், எதை விற்ற பணத்தோடு கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வந்த சொல்லெல்லாம் போலீஸ் சொல்லாக இருந்தது. இந்தப் பெண்ணின் வாயில் அது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அவளுக்குத் தெரிந்த நன்றி அது. என் மகளோ முப்பத்தொரு வருஷம் எங்கள் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தும், இந்த ஒரு வாக்கியம் மட்டும் தெரியாமல் வளர்ந்திருக்கிறாள். அவளுக்கு எத்தனை தமிழ் போச்சு என்று நான் அழாத நாளில்லை. இது போனதற்கு மட்டும் நெஞ்சு நிறைந்து போயிற்று.

"பொண்ணு வந்ததும் எங்க வீட்டுக்குச் சாப்பிட அழைச்சிக்கிட்டு வா. அதுதான் செய்யணும்," என்று பவானியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

பேருந்து வந்தது. பவானி ஏறிப் போகும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்த கயல், என் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவுதானா? அதை ஏம்மா அவ்வளவு மெதுவாக் கேட்டாங்க?"